அபராதம் ரூபாய் ஐம்பது

பட்டாளத்தில் பதினேழு வருஷம் குப்பை கொட்டிவிட்டு வந்த மலைச்சாமிக்கு, ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் வாட்ச்மேன் வேலை. வீடு ராஜபாளையத்தில். காலையில் முதல் பஸ்ஸில் வந்து, பொழுது அடைந்ததும் திரும்பிப் போவார். மண்டப முதலாளி தனுஷ்கோடியும் ராஜபாளையத்துக்காரர்தான். பஞ்சு வியாபாரம் அவருக்கு. மண்டபத்தை மாதத்துக்கு இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்தால் அதிகம்.

மண்டபத்துக்கு முன்னால் அரை ஏக்கருக்குக் குறையாத வெட்டவெளி. சுற்றுச்சுவரும் கேட்டும் உண்டு. ஆனால் உள்ளே ஓரமாக நாலு கடைகளை வாடகைக்கு விட்டிருந்ததால் பகலில் கேட்டை அடைக்க முடியாது. பஸ் ஏற வருகிறவன், கோயிலுக்கு வருகிறவன், சந்தைக்கு வருகிறவன் எல்லாருக்கும் வண்டியை விட அந்த இடம்தான் கண்ணில் படும். ஒரு முகூர்த்தத்தன்று எவனோ குறுக்கே ஜீப்பை நிறுத்திவிட்டுப் போய்விட்டான். பெண்ணின் கார் உள்ளே வர முடியாமல், மாலையும் கழுத்துமாக அவளைத் தெருவில் இறக்கி நடத்திக் கூட்டிவந்தார்கள். பெண்ணின் தாய்மாமன் தனுஷ்கோடி வீட்டுக்கே போய்ச் சத்தம் போட்டுவிட்டு வந்தார். 1989 சித்திரையில் நடந்தது இது.

அடுத்த வாரமே கேட்டில் தகரப் பலகை ஏறிவிட்டது. ‘இது தனியார் இடம். அனுமதியின்றி வாகனம் நிறுத்தினால் அபராதம் ரூபாய் ஐம்பது வசூலிக்கப்படும்.’ பலகையோடு ஒரு ரசீதுப் புத்தகமும், கிணற்று வாளிக்குக் கட்டுகிற கனத்தில் ஒரு சங்கிலியும், பூட்டும் வந்தன.

“எவன் நிறுத்துனாலும் சக்கரத்துல சங்கிலியக் கோத்துப் பூட்டிரு. அம்பது ரூவா வச்ச பொறவு தெறந்தாப் போதும். ஆள் பாக்காத,” என்றார் தனுஷ்கோடி.

மலைச்சாமி ஒரே ஒரு தடவை ஆள் பார்த்தார். கைப்பிள்ளையோடு வந்தவர்களின் காரைத் திறந்துவிட்டார். அந்த மாதச் சம்பளத்தில் ஐம்பது ரூபாயைப் பிடித்துக்கொண்டார்கள். அதற்கப்புறம் அவர் ஆள் பார்க்கவில்லை.

வைகாசியில் ஒரு முகூர்த்த நாள். காலை ஏழரை மணிக்கு ஒரு பால் டெம்போ உள்ளே நுழைந்து மண்டப வாசலை ஒட்டி நின்றது. பின்னால் பதினோரு கேன். டிரைவர் முப்பது வயதுக்குள் இருப்பான். பெயர் ஆவுடையப்பன் என்பது பிறகு தெரிந்தது. கான்சாபுரத்திலும் சுற்றுப்பட்டு ஊர்களிலும் பால் எடுத்துக்கொண்டுவந்து, ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கிண்டுகிற ஒருவருக்கு ஊற்றுகிறவன். டெம்போ அவனுடைய சொந்த வண்டி. வட்டிக்கு வாங்கியது.

“அண்ணாச்சி, எதுத்த மெடிக்கல்ல ஒரு மருந்து வாங்கணும். செத்த நேரம்தான்,” என்று சொல்லிக்கொண்டே இறங்கிப் போனான். மலைச்சாமி கூப்பிடக் கூப்பிட அவன் ரோட்டைத் தாண்டிவிட்டான்.

மெடிக்கல் ஷாப் அன்றைக்குத் திறக்க நேரமாகிவிட்டது. ஆவுடையப்பனின் மனைவிக்கு மூச்சிழுப்பு. அதற்கான மாத்திரை அவன் ஊர்ப் பக்கம் வத்திராயிருப்பில் கிடைக்கவில்லை. இங்கே வாங்காமல் போக முடியாது. கடைக்காரன் வருவான் வருவான் என்று நாற்பது நிமிஷம் வாசலிலேயே நின்றிருக்கிறான். அதற்குள் மாப்பிள்ளை வீட்டு வேன் வந்து ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு, பின்பக்கச் சந்து வழியாகச் சுற்றி உள்ளே போனது. மலைச்சாமி டெம்போவின் பின்சக்கரத்தில் சங்கிலியைக் கோத்துப் பூட்டினார்.

வந்தவன் சங்கிலியைப் பார்த்தான், பலகையைப் படித்தான், சட்டைப் பையைத் துழாவினான். மருந்து வாங்கியது போக இருபத்திரண்டு ரூபாய் இருந்தது.

“அண்ணாச்சி, இது பாலு. வெயில் ஏறிட்டா நிக்காது. இத வச்சுக்கிடுங்க, மிச்சத்தச் சாயங்காலம் கொண்டாந்து தாரேன்.”

“மொதலாளி உத்தரவு, தம்பி. என் கையில ஒண்ணுமில்ல.”

“வாட்ச்சக் கழத்தித் தாரேன்.”

“வேண்டாம்ப்பா. ரூவாயக் கொண்டா.”

அவன் பக்கத்து டீக்கடையில் கேட்டான், மெடிக்கலில் கேட்டான். யாரும் தரவில்லை. பால்கோவாக்காரர் சாத்தூருக்குப் போயிருந்தார். ஊருக்குள் போய் யாரோ தெரிந்தவரிடம் கைமாற்று வாங்கி வருவதற்குள் மணி பத்தேகாலுக்கு மேல். அவன் போயிருந்த நேரத்தில் மலைச்சாமி ஒரு சாக்கை நனைத்துக் கேன்கள்மேல் போட்டார். சாக்கு காய்ந்ததும் இன்னொரு தடவை நனைத்துப் போட்டார். சாவி அவருடைய கால்சட்டைப் பையில்தான் இருந்தது.

ஐம்பது ரூபாயைக் கொடுத்து ஏழாம் நம்பர் ரசீதை வாங்கியவன் முதல் வேலையாக ஒரு கேனைத் திறந்து மோந்து பார்த்தான். மூடியைத் திரும்பப் போட்டுவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனான். கத்தியிருந்தால்கூட மலைச்சாமிக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

மூன்று மாதம் கழித்து கோர்ட்டு அமீனா சம்மனைக் கொண்டுவந்தார். முன்சீப் கோர்ட்டில் ஆவுடையப்பன் போட்ட பிராது. முதல் பிரதிவாதி தனுஷ்கோடி, இரண்டாம் பிரதிவாதி மலைச்சாமி. தனியார் ஒருவர் தம் இடத்தில் வண்டி நிறுத்தியவரிடம் அபராதம் வாங்கியது சட்டப்படி செல்லாது என்று அறிவிக்க வேண்டும், ஐம்பது ரூபாயைத் திருப்பித் தர வேண்டும், கெட்டுப்போன பாலுக்கும் நஷ்டம் தர வேண்டும் என்று எழுதியிருந்தது.

மலைச்சாமி அன்று சாயங்காலமே தாளை எடுத்துக்கொண்டு முதலாளி வீட்டுக்குப் போனார். பட்டாளத்தில் இருந்தபோதுகூட அவர்மேல் ஒரு புகாரும் வந்ததில்லை.

தனுஷ்கோடி சிரித்தார். “அம்பது ரூவாக்குக் கேஸா? நம்ம வக்கீல் பாத்துக்கிடுவாரு. நீ கையெழுத்த மட்டும் போடு.”

வக்கீல் பெயர் பால்ச்சாமி. நீட்டிய தாள்களில் எல்லாம் மலைச்சாமி கையெழுத்துப் போட்டார். வக்காலத்து ஒன்று, இன்னும் இரண்டு மூன்று தாள். என்ன எழுதியிருக்கிறது என்று அவர் கேட்கவில்லை. வக்கீலும் சொல்லவில்லை. கேஸ் முடிகிற வரைக்கும் மண்டபத்தில் நிற்க வேண்டாம் என்று மலைச்சாமியை ராஜபாளையத்துப் பஞ்சுக் கிடங்குக்கு மாற்றினார்கள்.

அப்புறம் வாய்தாக்கள் தொடங்கின. ராஜபாளையத்திலிருந்து பஸ் ஏறிப் பத்து மணிக்குக் கோர்ட்டில் இருக்க வேண்டும். டவாலி போட்ட சேவகன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிற வரைக்கும் வராந்தாவில் நிற்க வேண்டும். சில நாள் நீதிபதி லீவு. சில நாள் பால்ச்சாமி வக்கீலுக்கு வேறு கோர்ட்டில் கேஸ். ஒரு தடவை கேஸ் கட்டு கிடைக்கவில்லை என்றார்கள். கூப்பிட்டால், உள்ளே போய்க் கைகட்டி நிற்பதற்குள் அடுத்த தேதியைச் சொல்லிவிடுவார்கள். தனுஷ்கோடி ஒரு நாளும் வரவில்லை. அவர் வரத் தேவையில்லை, வக்கீல் ஆஜரானால் போதும் என்றார்கள். அப்படியானால் தானும் வரத் தேவையில்லையே என்று மலைச்சாமி கேட்டதற்கு, “நீ வந்தா நல்லது,” என்றார் வக்கீல். என்ன நல்லது என்று விளங்கவில்லை. மலைச்சாமிக்குக் காலில் நரம்பு சுருண்டு வீங்கத் தொடங்கியிருந்த காலம் அது.

“இன்னிக்கு என்ன சொன்னாவ?” என்பாள் வெள்ளத்தாய், அவர் மனைவி.

“ஆவணி பதிமூணாம் தேதி.”

“அம்புட்டுதானா?”

“அம்புட்டுதான்.”

நாலைந்து வாய்தாவுக்குப் பிறகு அவள் கேட்பதையும் விட்டுவிட்டாள்.

ஆவுடையப்பன் ஒவ்வொரு வாய்தாவுக்கும் வந்தான். இரண்டு வருஷம் இரண்டு பேரும் வராந்தாவின் இரண்டு கோடியில் நின்றார்கள். மூன்றாம் வருஷம் ஒரு மழை நாளில், ஒழுகாத இடம் ஒன்றுதான் இருந்தது.

“கால் ரொம்ப வீங்கியிருக்கே, அண்ணாச்சி,” என்றான் ஆவுடையப்பன். பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டான்.

மலைச்சாமி உட்கார்ந்தார். காலைத் தடவிக்கொண்டே கேட்டார். “அம்பது ரூவாக்கு ஏம்ப்பா இந்த அலைச்சல்?”

“அம்பது ரூவா இல்ல. அன்னைக்குப் பால் திரிஞ்சு போச்சுன்னு பால்கோவாக்காரர் வேற ஆள்கிட்ட வாங்கத் தொடங்கிட்டாரு. அந்தச் சமயத்துக்குப் பால் ஊத்த எனக்கு வேற எடம் அமையல. தவணை கட்ட முடியாம டெம்போவப் பிடிச்சுட்டுப் போயிட்டாவ. இப்ப ஒரு பள்ளிக்கூட வேன் ஓட்டுறேன்.” அவன் குரலில் சூடு இல்லை. எத்தனையோ பேரிடம் சொல்லிச் சொல்லி ஆறிப்போன கதை. “உப்பிலி வக்கீல்தான், இதுல ஒரு சட்டப் பாயிண்ட் இருக்கு, பீஸ் வேண்டாம், நான் நடத்துறேன்னாரு. தொடங்கினப்ப எனக்கும் ஆத்திரம் இருந்துச்சு. இப்ப அவருக்காகத்தான் வந்துக்கிட்டு இருக்கேன்.”

“வீட்டுல அந்த இழுப்பு எப்படி இருக்கு?”

“மழைக் காலத்துல வருது. மத்த நாளு பரவால்ல.”

அதற்குப் பிறகு வாய்தா நாட்களில் சேர்ந்து டீ குடித்தார்கள். கேஸைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை.

1993 கடைசியில் விசாரணைக்கு வந்தது. அதற்கு முந்தின நாள் பால்ச்சாமி வக்கீல் மலைச்சாமியைத் தம் வீட்டுக்கு வரச்சொன்னார். மேஜையில் கட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு, “நாளைக்கு நீ கூண்டுல ஏறணும். கேட்டா, சங்கிலி போட்டது நானாத்தான் போட்டேன், முதலாளிக்குத் தெரியாதுன்னு சொல்லிரு,” என்றார்.

“மொதலாளிதானய்யா சங்கிலியக் கொடுத்தாரு.”

“அது எனக்கும் தெரியும். ஆனா முதலாளி கோர்ட்டுல கொடுத்த பதில்ல நான் சொன்ன மாதிரிதான் போட்டிருக்கு. எச்சரிக்கைக்குத்தான் பலகை வச்சாரு, பூட்டச் சொல்லலை, காவல்காரர் அதிகப்பிரசங்கித்தனமா செஞ்சது. உன் பதில்லயும் அதையே நீ ஒத்துக்கிட்டுக் கையெழுத்துப் போட்டிருக்க. நாலு வருஷமாச்சு.” வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்கும் இதில் பெரிய சந்தோஷம் இருந்த மாதிரி தெரியவில்லை. “வேலைக்கு ஒண்ணும் பங்கம் வராது. முதலாளி சொல்லியிருக்காரு.”

மலைச்சாமி வீட்டுக்கு வந்து சாப்பிட்டார். வெள்ளத்தாயிடம் சொன்னார். அவள் தட்டை எடுத்துக்கொண்டே, “வேல போச்சுன்னா சின்னவ படிப்பு நிக்கும்,” என்றாள். வாசல் வரைக்கும் போனவள் திரும்பி வந்தாள். “பொய் சொல்லுங்கன்னு நாஞ் சொல்லல. அப்பொறம் என் தலையில போடாதிய.”

மறுநாள் கூண்டில் ஏறும்போதுகூட என்ன சொல்வது என்று அவர் முடிவு செய்திருக்கவில்லை. உப்பிலி வக்கீல் எழுந்தார். வயதானவர், நெற்றியில் திருமண், மெல்லப் பேசுகிறவர்.

“வண்டியில சங்கிலி போட்டது யாரு?”

“நாந்தான்யா.”

“யார் சொல்லிப் போட்டீர்?”

மலைச்சாமி தம் வக்கீல் பக்கம் பார்த்தார். பால்ச்சாமி வக்கீல் கட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். சொல்லித் தந்தது மலைச்சாமிக்கு நன்றாக நினைவிருந்தது. ஆனால் அதைச் சொன்னால் அடுத்த கேள்வி வரும். அதற்கொரு பதிலை யோசிக்க வேண்டும். அந்தப் பதிலுக்குப் பொருந்துகிற மாதிரி இன்னொன்று. இன்னும் எத்தனை வாய்தாவுக்கு இந்தப் பொய்யைச் சுமந்துகொண்டு பஸ் ஏறி வருவது. அந்தத் தெம்பு அவரிடம் இல்லை. வீரம் ஒன்றும் இல்லை அதில். கால் வலித்தது.

“மொதலாளி சொல்லித்தான்யா. ரசீதுப் புஸ்தகமும் அவிய அடிச்சுக் கொடுத்ததுதான்.”

பால்ச்சாமி வக்கீல் தலையை நிமிர்த்தவில்லை. நீதிபதிதான் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். “அடுத்தவங்க வண்டியைப் பூட்டிவைக்க அதிகாரம் இருக்குன்னு நெனச்சீங்களா?”

“தேவதானம் கிராமம்யா எனக்குச் சொந்த ஊரு. எங்க ஊர்ல நம்ம புஞ்சையில அடுத்தவன் மாடு மேஞ்சா பிடிச்சுக் கட்டலாம். அது மாதிரின்னு நெனச்சேன்.”

“கட்டிட்டு என்ன செய்வீங்க?”

“கொண்டித்தொழுவுல கொண்டுபோய் விட்டுருவோம்.”

“அங்க அபராதம் யார் வாங்குவா?”

“சர்க்கார் ஆளு. ரசீது போட்டு வாங்கிட்டு மாட்ட அவுத்துவிடுவாரு.”

“மாட்டைப் பிடிச்சவர் வாங்கிக்கிறது உண்டா?”

மலைச்சாமி யோசித்தார். “அது கெடையாதுய்யா. வாங்குனா அடிதடியாயிரும்.”

நீதிபதி எழுதிக்கொண்டார். வேறு யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

தீர்ப்பு வர இன்னும் ஐந்து மாதம் ஆனது. இங்கிலீஷில் வாசித்ததை உப்பிலி வக்கீல் வெளியே வந்து இரண்டு பேருக்குமாகத் தமிழில் சொன்னார். மலைச்சாமி எதிர்க்கட்சி என்பதை அவர் பொருட்படுத்தவில்லை.

“அபராதம் போடுறது சட்டம் யாருக்கு அதிகாரம் கொடுத்திருக்கோ அவா செய்யற காரியம். எடத்துக்குச் சொந்தக்காரர்ங்கறதால ஒரு பலகைய எழுதி மாட்டி அந்த அதிகாரத்த எடுத்துக்க முடியாது. அந்தப் பலகைய ஒப்பந்தம்னே வச்சுண்டாலும், அதுல போட்ட தொகை அப்படியே கெடைக்காது. நெஜமா என்ன நஷ்டமோ அதுக்கு நியாயமானது மட்டுந்தான், அதுவும் கோர்ட்டுல கேட்டுத்தான் வாங்கணும். இங்க மாப்பிள்ளை வேன் சந்து வழியா உள்ள போயிடுத்து. நஷ்டம்னு ஒண்ணும் காட்டலை. வண்டிய எடுக்கச் சொல்லலாம், போலீசக் கூப்பிடலாம், அத்துமீறினதுக்கு வழக்குப் போடலாம். பணம் தர்ற வரைக்கும் கட்டிப்போடக் கூடாது.” மூச்சு வாங்கிக்கொண்டார். “கொண்டித்தொழுவையும் எழுதியிருக்கார். மாட்டப் பிடிச்சவனே அபராதம் வாங்கிக்க முடியாதுன்னா, வண்டிக்கு மட்டும் எப்படின்னு.”

“பாலு?” என்றான் ஆவுடையப்பன்.

“பாதி. நாப்பது நிமிஷம் வாசல மறிச்சது உன் தப்பும்தான்னுட்டார்.”

ஆவுடையப்பன் தலையாட்டினான். “சரிதான்,” என்றான். சந்தோஷப்படவோ வருத்தப்படவோ அவனிடம் ஒன்றும் மிச்சம் இருந்ததாகத் தெரியவில்லை. பிறகு மலைச்சாமி பக்கம் திரும்பினான். “தீர்ப்புல பணம் தரணும்னு உங்க பேரும் இருக்காம், அண்ணாச்சி. உங்ககிட்ட நான் வாங்க மாட்டேன்.”

வேலை அந்த வாரமே போனது. தனுஷ்கோடி நேரில் சொல்லவில்லை. கணக்குப்பிள்ளை வந்து, கிடங்குக்கு இனி ஆள் தேவையில்லை என்றார். இரண்டு மாதம் கழித்து மண்டபத்துப் பலகையை அழித்து வேறு எழுதினார்கள். ‘வாகன நிறுத்தக் கட்டணம்: கார், வேன் ரூபாய் பத்து.’ கேட்டில் ஒருவனை உட்காரவைத்து, உள்ளே வரும்போதே சீட்டுக் கிழித்துக் கொடுத்தார்கள். உப்பிலி வக்கீலிடம் கேட்டதற்கு, அது சரி, தெரிந்து சம்மதித்து உள்ளே வருகிறவன் வாடகை கொடுக்கிற மாதிரி, அதில் தப்பில்லை என்றார். இவ்வளவு சுலபமாக முடிகிற காரியம் முதலிலேயே யாருக்கும் தோன்றவில்லையே என்று மலைச்சாமி நினைத்தார். யாரிடம் போய்ச் சொல்வது.

சின்னவளின் படிப்பு நிற்கவில்லை. பெரிய மருமகன் போலீசில் இருந்தான். ஒரு வருஷம் அவன்தான் செலவைத் தாங்கினான். மலைச்சாமி செண்பகத்தோப்பு போகிற வழியில் ஒரு மாந்தோப்புக்குக் காவலாகச் சேர்ந்தார். சம்பளம் குறைவு, உட்கார்ந்து பார்க்கிற வேலை.

தனுஷ்கோடி அப்பீல் போட்டார். மறுபடியும் அமீனா வந்தார். இந்தத் தடவை தாளில் ஆவுடையப்பன் முதல் எதிர்மனுதாரர், மலைச்சாமி இரண்டாம் எதிர்மனுதாரர். “முந்தி அவிய பக்கம் நின்னிய, இப்ப இவிய பக்கமா?” என்று வெள்ளத்தாய் கேட்டாள். அவருக்கே அது புரியவில்லை. அதே வராந்தா, வேறு அறை. இன்னும் மூன்று வருஷம். அப்பீல் தள்ளுபடியானது 1997 ஆடி மாதம். அதற்குள் உப்பிலி வக்கீல் காலமாகிவிட்டார். அவருடைய ஜூனியர்தான் வந்து முடிவைச் சொன்னார். அங்கே நின்றிருந்தது அவர்கள் இரண்டு பேர் மட்டும்தான்.

“ராஜபாளையத்துக்குத்தான் போறேன், அண்ணாச்சி. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள ஏத்த நாலு மணிக்கு அங்க இருக்கணும். வாங்க, கொண்டுபோய் விட்டுர்றேன்,” என்றான் ஆவுடையப்பன்.

வேனில் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். ஆவுடையப்பனின் தலையில் பக்கவாட்டில் நரை விழுந்திருந்தது. வேன் ஊரைத் தாண்டியது. பிறகு மலைச்சாமி சொன்னார். “அன்னைக்குச் சாவி எங்கிட்டதான் இருந்துச்சு. நான் தெறந்துவிட்டிருக்கலாம்.”

ஆவுடையப்பன் கியரை மாற்றினான். “தெறந்துவிட்டிருக்கலாம்தான்,” என்றான். கொஞ்ச தூரம் போனதும், “நானும் வண்டிய வாசல விட்டுத் தள்ளி நிறுத்திட்டுப் போயிருக்கலாம்,” என்றான்.

மேற்கே மலையில் மழை இருண்டிருந்தது. ஜன்னல் வழியாக ஈரக்காற்று வந்தது. மலைச்சாமி எப்போது தூங்கினார் என்று அவருக்கே தெரியாது. கண் விழித்தபோது வேன் அவருடைய தெருமுனையில், ஒரு வேப்பமரத்துக்கு அடியில் நின்றுகொண்டிருந்தது. எஞ்சின் அணைந்திருந்தது. ஆவுடையப்பன் கைகளை ஸ்டியரிங்கில் போட்டபடி ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“வந்து எம்புட்டு நேரமாச்சு?”

“இப்பத்தான்,” என்றான் அவன்.

டாஷ்போர்டுக் கடிகாரத்தில் மூன்றே முக்கால் ஆகியிருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஏறும்போது மணி இரண்டரை. அரை மணி நேர வழிதான். மலைச்சாமி காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கினார்.